புது ஈ-ரீடர் மக்கர் செய்கிறதா? அறிகுறியிலிருந்து ஆரம்பிப்போம்

எங்கள் குடும்பத்தில் யார் ஈ-ரீடர் வாங்கினாலும் மூன்றாம் நாள் அது என் கைக்கு வந்துவிடும். "புதுசுதான், ஆனா ஓடல" என்று ஒரு வரி, கூடவே ஒரு கேபிள், சில சமயம் அந்தக் கேபிள்கூட இருக்காது. இப்படி வந்தவற்றில் கருவியே உண்மையில் பழுதாக இருந்தவை ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிடும். மற்றதெல்லாம் கேபிள், கோப்பு, கணக்கு, இந்த மூன்றில் ஒன்றுதான். அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் அந்த வரிசையிலேயே எழுதியிருக்கிறேன்: காசும் நேரமும் செலவாகாதது முதலில், பழுதுபார்ப்பவரிடம் போவது கடைசியில். ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், எடுத்த எடுப்பில் ஃபேக்டரி ரீசெட் செய்யாதீர்கள். அது எல்லாவற்றையும் அழித்துவிட்டு பெரும்பாலும் அதே பிரச்சினையை வெறும் கருவியில் உங்களுக்குத் திருப்பித் தரும்.

## அறிகுறி: இன்னும் வாங்கவே இல்லை, எதை வாங்குவதென்று தலை சுற்றுகிறது

பின்னால் வரும் கோளாறுகளில் பாதி இங்கேதான் பிறக்கிறது. எந்தக் கருவி என்று கேட்பதற்கு முன் புத்தகம் எங்கிருந்து வரப்போகிறது என்று கேளுங்கள்.

கடையில் வாங்கிப் படிக்கப் போகிறீர்களா? எந்தக் கடையோ அந்தக் கடையின் கருவி. அமேசானின் கிண்டில் கடையில் வாங்கிய புத்தகம் கோபோ என்ற இன்னொரு நிறுவனத்தின் கருவியில் திறக்காது, கோபோவில் வாங்கியது கிண்டிலில் திறக்காது, பூட்டு அப்படி. கிண்டில் கடையில் தமிழ் நூல்கள் 2016 கடைசியிலிருந்து இருக்கின்றன. உங்களுக்கு வேண்டிய பத்துத் தலைப்புகளை இரண்டு கடைகளிலும் தேடிப் பாருங்கள். எதில் அதிகம் கிடைக்கிறதோ அதுதான் பதில்.

இலவச நூல்களா? மதுரைத் திட்டம், ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் மாதிரியான இடங்களிலிருந்து இறக்கிப் படிப்பதென்றால் எந்தக் கருவியும் சரிதான், ஆனால் தமிழ் எழுத்து பற்றிய பகுதியைப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

பெரும்பாலும் பிடிஎஃப் தானா? அப்படியானால் 6 அங்குலம் வாங்காதீர்கள். ஏன் என்று கீழே கணக்குப் போட்டிருக்கிறேன். 10.3 அங்குலம் அளவில் பாருங்கள், அல்லது ஏற்கெனவே இருக்கும் டேப்லெட்டிலேயே படியுங்கள்.

வண்ணத் திரை வேண்டுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். இப்போது வரும் கெலைடோ 3 வகைத் திரையில் கருப்பு வெள்ளை அங்குலத்துக்கு 300 புள்ளி, வண்ணம் 150 தான். வண்ண வடிகட்டி மேலே இருப்பதால் பின்னணியும் கொஞ்சம் மங்கல். படக்கதைக்குச் சரி, நாவலுக்கு வேண்டாம் என்பது என் கட்சி. நினைவகம் பற்றிக் கவலையே படாதீர்கள், படமில்லாத ஒரு நாவல் பெரும்பாலும் ஒரு எம்பியைத் தாண்டாது, 8 ஜிபி ஆயுசுக்கும் போதும். ஒலிப்புத்தகம் கேட்பவர்கள் மட்டும் கூடுதலாக யோசிக்கலாம்.

பழைய கருவி வாங்குகிறீர்கள் என்றால் விற்பவர் கண் முன்னாலேயே அவருடைய கணக்கை நீக்கி, உங்கள் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். தொலைந்ததாகவோ திருடப்பட்டதாகவோ புகார் கொடுக்கப்பட்ட கருவியில் புதுக் கணக்கு ஏறாது, அதை எந்தப் பழுதுபார்ப்பவராலும் சரிசெய்ய முடியாது.

## அறிகுறி: ஆன் ஆகவே இல்லை

திரையில் ஏதாவது படம் இருக்கிறதா? ஈ-ரீடரின் மின்தாள் திரைக்குப் படத்தை மாற்றத்தான் மின்சாரம் வேண்டும், வைத்திருக்க வேண்டியதில்லை. அதனால் திரையில் அழகான படம் இருப்பதை வைத்து பேட்டரி இருக்கிறது என்று நினைக்காதீர்கள், செத்த பேட்டரியிலும் படம் அப்படியே நிற்கும்.

முதலில் சார்ஜ். கடையிலும் கிடங்கிலும் மாதக்கணக்கில் கிடந்த கருவி முழுக்க வடிந்திருந்தால் செருகியதும் விளக்கு எரியாது, அரை மணி நேரம்கூட எந்தச் சலனமும் இருக்காது. இரண்டு மணி நேரம் விட்டுவிட்டுப் பாருங்கள். கணினியின் யூஎஸ்பி துளையில் வேண்டாம், சாதாரண 5 வோல்ட் போன் அடாப்டர் போதும்.

அப்புறம் கேபிள். இரண்டு முனையும் டைப்-சி ஆக இருக்கும் கேபிளில் சில கருவிகள் சார்ஜே ஏறாது, ஒரு முனை பழைய அகலமான யூஎஸ்பி ஆக உள்ள கேபிளில் மாற்றினால் உடனே ஏறும். இதை நான் கண்டுபிடிக்க ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போனது.

சார்ஜ் ஏறியும் அசையவில்லையா? பவர் பொத்தானை அழுத்தியபடியே இருங்கள். கிண்டிலில் 40 நொடி. எல்லோரும் பத்து நொடியில் விட்டுவிட்டு "அதெல்லாம் பண்ணிப் பாத்தாச்சு" என்பார்கள். மனதுக்குள் எண்ணாமல் கடிகாரத்தைப் பார்த்து 40 நொடி பிடியுங்கள்.

இங்கே நிறுத்துங்கள்: கருவியின் முதுகு உப்பியிருக்கிறது, திரை சட்டத்திலிருந்து லேசாகத் தூக்கிக்கொண்டு நிற்கிறது, அல்லது சார்ஜில் கை வைக்க முடியாத சூடு. பேட்டரி வீங்குகிறது என்று பொருள். சார்ஜைப் பிடுங்கிவிடுங்கள், அழுத்திச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், நேரே பழுதுபார்ப்பவரிடம் போங்கள். தண்ணீரில் விழுந்த கருவிக்கும் ஒரு வார்த்தை: ஐபிஎக்ஸ்8 தரம் என்று போட்டிருந்தால் தண்ணீர் தாங்கும்தான், ஆனால் சார்ஜ் துளை முழுக்க உலரும்வரை கேபிளைச் செருகக் கூடாது.

## அறிகுறி: சார்ஜ் ஏறுகிறது, கணினியில் மட்டும் தெரியவில்லை

பத்தில் எட்டு தடவை கேபிள்தான். ஹெட்போன், டார்ச் லைட் இவற்றோடு வரும் கேபிள்களில் மின்சாரத்துக்கான கம்பி மட்டும் இருக்கும், தரவுக்கான கம்பி இருக்காது. வெளியே பார்த்து வித்தியாசம் சொல்ல முடியாது. அதே கேபிளில் உங்கள் போனைக் கணினியில் செருகிப் பாருங்கள், போனிலிருந்து படம் நகலெடுக்க முடிந்தால் கேபிள் நல்லது. என் சித்தி இரண்டு வாரம் கருவியைத் திட்டிக்கொண்டிருந்தார், கடைசியில் பார்த்தால் அவர் செருகியிருந்தது ஒரு கொசு மட்டையின் கேபிள்.

கேபிள் சரியென்றால் கருவியின் திரையைப் பாருங்கள். கோபோவில் "இணைக்கவா" என்று ஒரு கேள்வி வந்து நிற்கும், அதைத் தொடாதவரை கணினியில் எதுவும் தெரியாது. கடவு எண் போட்டிருந்தால் திறந்து வையுங்கள். யூஎஸ்பி ஹப் இருந்தால் கழற்றிவிட்டு நேரடியாகச் செருகுங்கள்.

மேக் கணினி வைத்திருப்பவர்களுக்குத் தனியாக: 2024இல் வந்த கிண்டில்களும் அதற்குப் பிந்தியவையும் பென்டிரைவ் போலத் தோன்றாது, ஆண்ட்ராய்டு போன் இணைகிற எம்டிபி முறையில் இணைகின்றன. மேக்குக்கு அது தானாகப் புரியாது. அதற்கான கோப்புப் பரிமாற்றச் செயலியையோ காலிபர் என்ற இலவச மின்னூல் நிரலையோ நிறுவ வேண்டும். பழுது இல்லை, இயல்பே அப்படி.

## அறிகுறி: வைஃபை பிடிக்கவில்லை, அல்லது கணக்கு ஏறவில்லை

நெட்வொர்க் பெயரே பட்டியலில் வரவில்லை. பழைய கருவிகள் பலவற்றுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் தெரியும், 5 தெரியாது. ரூட்டரில் 2.4ஐ ஆன் செய்யுங்கள். போன் ஹாட்ஸ்பாட் என்றால் அதன் அமைப்பில் அலைவரிசையை 2.4க்கு மாற்றுங்கள், ஐபோனில் பொருந்துதன்மையை அதிகப்படுத்தும் ஒரு சுவிட்ச் இருக்கிறது, அதைப் போட்டால் போதும்.

பெயர் வருகிறது, கடவுச்சொல் கொடுத்தும் இணையவில்லை. மின்தாள் விசைப்பலகையில் எழுத்து தாமதமாக விழும், வேகமாகத் தட்டினால் ஒன்று விடுபடும் அல்லது இரட்டிக்கும். கடவுச்சொல்லைக் காட்டும் வசதியை ஆன் செய்துவிட்டு ஒவ்வொரு எழுத்தாக அடியுங்கள். ரூட்டர் டபிள்யூபிஏ3 பாதுகாப்பில் மட்டும் இருந்தால் பழைய கருவிக்கு அதுவும் தெரியாது, டபிள்யூபிஏ2வையும் சேர்த்து அனுமதியுங்கள்.

இணைந்துவிட்டது, ஆனால் கணக்குக்குள் போகவில்லை. கருவியில் நாள், நேரம் பாருங்கள். முழுக்க வடிந்து எழுந்த கருவி பல வருடம் பின்னால் நிற்கும், அப்போது இணையதளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் எதையும் அது நம்பாது. நேரத்தைச் சரிசெய்ததும் கதவு திறந்துவிடும். மிகப் பழைய கருவி என்றால் மென்பொருள் புதுப்பிப்பைக் கணினி வழியாக இறக்கிப் போட வேண்டியிருக்கலாம், 2016 மார்ச் 22க்குள் புதுப்பிக்காத பழைய கிண்டில்கள் அப்படித்தான் இணையத்திலிருந்து துண்டிக்கப்பட்டன. எல்லாம் சரியாக இருந்தும் "இந்தக் கருவியைப் பதிவு செய்ய முடியாது" என்றே வந்தால் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைதான், வேறு வழியில்லை.

## அறிகுறி: புத்தகத்தைப் போட்டேன், காணவில்லை

காசு கொடுத்து வாங்கியது: வாங்கிய கணக்கும் கருவியில் உள்ள கணக்கும் ஒன்றா? போனில் கணவர் கணக்கு, கருவியில் மனைவி கணக்கு என்பது நான் அடிக்கடி பார்க்கும் காட்சி. ஒரே கணக்குதான் என்றால் நாட்டு அமைப்பு, அப்புறம் நூலகப் பக்கத்தில் "பதிவிறக்கியவை மட்டும்" என்ற வடிகட்டி, கடைசியாக ஒரு தடவை சிங்க்.

கேபிளில் நகலெடுத்தது: கிண்டிலில் இபப் என்ற பொதுவான மின்னூல் வகைக் கோப்பைக் கேபிள் வழியாகப் போட்டால் அது உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும், பட்டியலில் மட்டும் வரவே வராது. கருவி அந்த வகையை நேரடியாகப் படிக்காது. சென்ட் டு கிண்டில் என்ற அமேசான் சேவை வழியாக அனுப்புங்கள், 2022 முதல் அது இபப்பை வாங்கி மாற்றிக்கொள்கிறது. அல்லது காலிபரில் கிண்டில் வகைக்கு மாற்றிவிட்டுப் போடுங்கள். கோபோ, பாக்கெட்புக் இரண்டும் இபப்பை அப்படியே படிக்கும்.

மின்னஞ்சலில் அனுப்பியது: நீங்கள் அனுப்பும் முகவரி, கணக்கில் அனுமதிக்கப்பட்ட அனுப்புநர் பட்டியலில் இருக்கிறதா? இல்லையென்றால் புத்தகம் போய்ச் சேராது. மின்னஞ்சலில் 50 எம்பி வரை, இணையப் பக்கம் வழியாக 200 எம்பி வரை போகும். இ999 என்று பிழை எண்ணோடு திரும்பி வந்தால் கோப்புக்குள் ஏதோ ஒழுங்கில்லை. காலிபரில் அதை இபப்பிலிருந்து இபப்புக்கே ஒரு தடவை மாற்றி, விவரப் பகுதியில் மொழி தமிழ் என்று போட்டு மறுபடி அனுப்புங்கள். கேட்க வேடிக்கையாக இருக்கும், ஆனால் பெரும்பாலும் போய்விடும்.

கோப்பு சில கேபி மட்டுமே இருக்கிறது, பெயர் ஏசிஎஸ்எம் என்று முடிகிறது: அது புத்தகமே இல்லை, புத்தகத்தை வாங்கிக்கொள்ளும் சீட்டு. அடோபி டிஜிட்டல் எடிஷன்ஸ் நிரலில் திறந்தால்தான் புத்தகம் இறங்கும், அதுவும் கிண்டிலில் படிக்க முடியாது.

## அறிகுறி: தமிழ் எழுத்து உடைகிறது

எனக்கு வரும் வேலையில் பாதி இது. "தமிழ் சரியா வரல" என்றால் நான் முதலில் கேட்பது, எப்படி வரவில்லை? நான்கு விதம் இருக்கிறது, நான்குக்கும் மருந்து வேறு.

கட்டம் கட்டமாக வருகிறது. எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். எழுத்தமைப்புப் பட்டியலில் வெளியீட்டாளர் எழுத்துருவைத் தேர்ந்தெடுங்கள். அதிலும் வரவில்லை என்றால் நோட்டோ செரிஃப் தமிழ் மாதிரி ஒரு யூனிகோடு எழுத்துருவை இறக்கி, கருவியின் முதல் மட்டத்தில் உள்ள ஃபான்ட்ஸ் அடைவில் போடுங்கள். கோபோவில் அந்த அடைவு இருக்காது, நீங்களே உருவாக்க வேண்டும். பாக்கெட்புக்கில் சிஸ்டம் அடைவுக்குள் இருக்கும்.

கொம்பும் காலும் இடம் மாறி நிற்கின்றன. "கெ" என்பதில் கொம்பு முன்னால் வராமல் பின்னால் தொங்குகிறது, "கொ" மூன்று துண்டாகக் கிடக்கிறது, பக்கத்தில் புள்ளிகளாலான ஒரு வட்டம் வேறு. இதற்கு எழுத்துருவை மாற்றி மாற்றிப் பார்த்து நேரத்தை வீணாக்காதீர்கள். எழுத்துகளைக் கோக்கும் நிரல் பகுதிக்குத் தமிழ் தெரியவில்லை என்று பொருள். கோபோவில் சாதாரண இபப் ஒரு நிரலிலும் கோபோவின் சொந்த வகையான கேபப் வேறு நிரலிலும் திறக்கும், அதே புத்தகத்தைக் கேபப் ஆக மாற்றிப் போட்டால் கொம்பு தன் இடத்துக்குப் போய்விடும். அதற்கும் மசியாத கருவிக்குக் கோரீடர் என்ற கட்டற்ற செயலி இருக்கிறது, தமிழை ஒழுங்காகக் கோக்கும். கோபோவிலும் பாக்கெட்புக்கிலும் எளிதாக ஏறும். கிண்டிலில் பூட்டை உடைக்க வேண்டும் என்பதால் முதல் கருவியில் அந்த வேலை வேண்டாம்.

ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து உளறுகிறது. பழைய பாமினி மாதிரியான எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பு. உள்ளே இருப்பது உண்மையில் ஆங்கில எழுத்துகள்தான், அந்த எழுத்துரு முகமூடி போட்டுத் தமிழாகக் காட்டிக்கொண்டிருந்தது. இணையத்தில் உள்ள எழுத்துரு மாற்றிகளில் பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றுங்கள். அதே புத்தகம் வேறெங்காவது யூனிகோடில் கிடைக்கிறதா என்று தேடுவது அதைவிடச் சுலபம்.

எழுத்துகளின் தலையில் குறிகள் முளைத்த ஐரோப்பிய எழுத்தாக வருகிறது, சென்ட் டு கிண்டிலில் அனுப்பிய பிறகு மட்டும். கோப்பு தன் குறியீட்டு முறையை அறிவிக்கவில்லை, சேவை தப்பாக ஊகித்துக்கொண்டது. மேலே சொன்ன காலிபர் வைத்தியம்தான், இபப்பிலிருந்து இபப்புக்கு.

இதோடு இன்னொன்று, உடைசல் இல்லை, ஆனால் எரிச்சல். ஒரு வரியில் இரண்டே சொல், நடுவில் ஒரு லாரி போகும் அளவுக்கு இடைவெளி. தமிழ்ச் சொற்கள் நீளம், சின்னத் திரையில் இரண்டு ஓரமும் சமன் செய்யப் போனால் இப்படித்தான் ஆகும். சீரமைப்பை இடது ஓரத்துக்கு மாற்றிவிட்டு எழுத்தை ஒரு படி சிறிதாக்குங்கள்.

## அறிகுறி: பிடிஎஃப் எழுத்து பொடிப்பொடியாக இருக்கிறது

கணக்கு இதுதான். ஏ4 தாளின் அகலம் 21 செமீ, 6 அங்குலத் திரையின் அகலம் சுமார் 9 செமீ. பக்கத்தை அப்படியே காட்டினால் 12 புள்ளி எழுத்து 5 புள்ளிக்குச் சுருங்கிவிடும். மருந்துச் சீட்டின் அடியில் இருக்கும் எழுத்து அது. பிடிஎஃப்பில் எழுத்தைப் பெரிதாக்கும் பொத்தான் வேலை செய்யாது, பக்கம் ஒரு படம் மாதிரி.

கருவியைப் படுக்கைவாட்டில் திருப்புங்கள், ஓரங்களை வெட்டுங்கள், இந்த இரண்டிலேயே ஓரளவு தேறும். அதற்கு முன், அதே நூல் இபப்பாகக் கிடைக்கிறதா என்று பாருங்கள். ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்தில் 6 அங்குலத்துக்கென்றே தனிப் பிடிஎஃப் வைத்திருக்கிறார்கள், ஏ4ஐ விட்டுவிட்டு அதை எடுங்கள். தமிழ்ப் பிடிஎஃப்பைக் காலிபரில் இபப்பாக மாற்றலாம் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள், பெரும்பாலும் கொம்பெல்லாம் சிதறிய கஞ்சியாகத்தான் வரும். ஸ்கேன் செய்தது என்றால் அதில் எழுத்தே இல்லை, படம்தான், மாற்ற ஒன்றும் இல்லை. இதற்குக் கடைசி மருந்து பெரிய திரை மட்டுமே, அதுதான் செலவும்.

## அறிகுறி: திரையில் ஏதோ கோளாறு

முந்தைய பக்கத்தின் நிழல் தெரிகிறது. மின்தாளின் இயல்பு. ஒவ்வொரு பக்கத்துக்கும் திரையைப் புதுப்பிக்கும் அமைப்பை ஆன் செய்யுங்கள். பக்கம் திருப்பும்போது கருப்பாக ஒரு மின்னல் வரும், பயப்படாதீர்கள், அதுதான் சுத்தம் செய்கிறது.

தொடாமலே தானாகப் பக்கம் ஓடுகிறது. சார்ஜில் இருக்கும்போது மட்டும் என்றால் அடாப்டரை மாற்றுங்கள். ஒட்டிய பாதுகாப்புத் தாளைக் கழற்றிப் பாருங்கள். திரை சட்டத்தைவிடப் பள்ளமாக இருக்கும் பழைய கருவிகளில் அகச்சிவப்பு ஒளியால்தான் தொடுகை தெரியும், ஓரத்தில் ஒரு தூசி உட்கார்ந்தாலும் விரல் வைத்ததாக நினைத்துக்கொள்ளும். கெட்டியான காகிதத்தின் மூலையைச் சட்டத்துக்கும் திரைக்கும் நடுவில் விட்டு நான்கு பக்கமும் ஒரு சுற்று இழுத்து வாருங்கள்.

கோடு விழுந்திருக்கிறது, அல்லது ஒரு மூலை மட்டும் பழைய படத்திலேயே உறைந்து நிற்கிறது. பவர் பொத்தானை 40 நொடி அழுத்திப் பாருங்கள். அதன்பிறகும் கோடு அதே இடத்தில் நின்றால் உள்ளே திரை உடைந்திருக்கிறது. மேலே கீறல் எதுவும் தெரியாது, பைக்குள் புத்தகங்களின் நடுவே அழுந்தினாலே போதும். உத்தரவாதம் இருந்தால் நிறுவனத்திடம் போங்கள். இல்லையென்றால் முதலில் திரை மாற்றும் செலவைக் கேளுங்கள், மலிவு வகைக் கருவிகளில் அது புதுக் கருவியின் விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்.

இருட்டில் ஒரு ஓரம் மட்டும் வெளுப்பாக ஒளிர்வது, ஊசிமுனை அளவில் ஒரு வெளிச்சப் புள்ளி, இவற்றை வீட்டில் சரிசெய்ய முடியாது. வாங்கிய அன்றே இரவு விளக்கை அணைத்துவிட்டு வெளிச்சத்தை முழுக்க ஏற்றிப் பாருங்கள், மாற்றித் தரும் கெடு முடிவதற்குள் தெரிந்துவிடும்.

## அறிகுறி: பேட்டரி நிற்கவில்லை

ஆறு வாரம் என்று பெட்டியில் போட்டிருப்பது ஒரு நாளைக்கு அரை மணி நேரம், வைஃபை அணைத்து, விளக்கு நடுத்தரத்தில் என்ற கணக்கு. கூட்டிப் பார்த்தால் 21 மணி நேரம். நாளைக்கு மூன்று மணி நேரம் படிப்பவருக்கு அது ஒரு வாரம்தான், குறை கருவியில் இல்லை.

புதிதாக நூற்றுக்கணக்கில் புத்தகம் ஏற்றினீர்களா? தேடலுக்காக ஒவ்வொன்றையும் உள்ளே படித்துப் பட்டியலிட்டுக்கொண்டிருக்கும், ஒன்றிரண்டு நாள் பேட்டரி வேகமாக வடியும். சார்ஜில் போட்டு ஒரு இரவு விடுங்கள். மூன்று நாள் ஆகியும் அடங்கவில்லை என்றால் ஏதோ ஒரு கெட்ட கோப்பில் மாட்டிக்கொண்டிருக்கிறது, கடைசியாகப் போட்ட புத்தகங்களை நீக்கிவிட்டுப் பத்துப் பத்தாகத் திரும்ப ஏற்றுங்கள், எந்தப் பத்தில் வடிகிறதோ அதில்தான் ஆள் இருக்கிறது. இதெல்லாம் செய்தும், விமானப் பயன்முறையில் சும்மா வைத்தாலே ஒரு இரவில் பாதி போகிறது என்றால் பேட்டரி தேய்ந்துவிட்டது. புதுக் கருவி என்றால் திருப்பிக் கொடுங்கள், பழையது என்றால் பேட்டரி மாற்றலாம், ஆனால் பசை போட்டு ஒட்டிய கருவியை நீங்களே பிளக்காதீர்கள், தண்ணீர்த் தடுப்பும் அதோடு போய்விடும்.

## அறிகுறி: அடிக்கடி உறைகிறது, தானாக அணைந்து எழுகிறது

ஒரு குறிப்பிட்ட புத்தகத்தைத் திறந்தால் மட்டுமா? அந்தக் கோப்பை நீக்குங்கள். எப்போதும் என்றால் 40 நொடி, அப்புறம் மென்பொருள் புதுப்பிப்பு, அப்புறம் கொஞ்சம் இடம் காலி செய்வது. இவ்வளவுக்கும் அடங்காதபோதுதான் ஃபேக்டரி ரீசெட்.

அதற்கு முன் கேபிளைச் செருகி அடிக்கோடிட்ட வரிகளையும் குறிப்புகளையும் எடுத்து வையுங்கள். கிண்டிலில் டாக்குமென்ட்ஸ் அடைவுக்குள் மை கிளிப்பிங்ஸ் என்ற ஒரு சாதாரண உரைக் கோப்பாக இருக்கும். கோபோவில் மறைந்திருக்கும் கோபோ அடைவுக்குள் ஒரு தரவுத்தளக் கோப்பாக இருக்கும், மறைந்த கோப்புகளைக் காட்டும்படி கணினியில் மாற்றினால் கண்ணில் படும். நகலெடுத்த கோப்பைக் கணினியில் ஒரு முறை திறந்து, உள்ளே வரிகள் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு ரீசெட்டை அழுத்துங்கள்.